துண்டுக்குள் சொன்ன வருமானம்

பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். கடத்தூரில் ஓட்டு வூடு கட்டினேன். மூணாங்கிளாசைத் தாண்டாதவன் மாட்டுத் தரகில் இறங்கி, என் ஒரு வார்த்தையை நம்பி ஏரியூர்க்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்படி செய்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. தருமபுரி மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் ஃபீஸ் கேட்கும் முறையை மாற்றினவனும் நான்தான்.

எண்பதுகளில் எங்களுக்கு ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது. அதோடு வூட்டுக்காரி பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. மாடு வாங்க வந்த அரூர் கம்பவுண்டர்தான் வழி சொன்னார்.

"தருமபுரிக்கு வாரம் ஒருநாள் பெங்களூர் டாக்டரம்மா வர்றாங்க. உக்கார வெச்சுப் பேசியே சரி பண்றாங்க. வருமானத்துக்குத் தகுந்த ஃபீஸ்தான்."

போனோம். கூடம் நிறைய ஜனம். குமாஸ்தா எல்லார் முன்னாலும், "மாச வருமானம் என்னங்க?" என்று சத்தமாகக் கேட்டார். பின் பெஞ்சில் எங்கள் சந்தை வியாபாரி ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரகன் வருமானம் குறைச்சல் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் மாட்டைக் கொடுப்பான்? ரைஸ்மில்காரர் சம்பாதிக்கிற தொகையைச் சொன்னேன். முழு ஃபீஸ் போட்டார்கள்.

சில வாரம் கட்டினேன். "தண்ணி வேணுமாங்க" என்று அவளே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அப்புறம் கையில் பணம் இல்லை. இந்த வாரம் வேண்டாம் என்றேன்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணு மட்டும் இன்னும் சொல்லலீங்க," என்றாள். "அதைச் சொல்லிட்டா எனக்கு விடிஞ்சிரும்."

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கும் அந்த வியாபாரி அதே பெஞ்சில். நேரே போய்க் குமாஸ்தா கையைப் பிடித்து மேலே என் துண்டைப் போட்டேன். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் தொகை தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

அவர் துள்ளிவிட்டார். "யோவ், கையை விடுய்யா!"

"விரலுக்கு நூறுங்க," என்று காதோரம் சொன்னேன். "இதுதான் நெசமான வருமானம்."

துண்டுக்குள் நான் நீட்டிய விரல்களைத் தடவிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவுதானா?"

"மாடு வித்தாத்தாங்க அதுவும்."

என்ன கூத்து என்று கேட்டு வந்த டாக்டரம்மா, விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனை பேர் வராம இருக்காங்களோ," என்றார். என் ஃபீஸ் டீ, பன் செலவுக்கு இறங்கியது.

வூட்டுக்காரி உள்ளே போனாள். அழுது முகம் வீங்கி வெளியே வந்தவள், "பசிக்குதுங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்றாள். உள்ளே என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. மாசம் சில போனதும், சந்தையிலிருந்து தாமதமாக வந்ததற்கு என்னை வாய் நிறையத் திட்டினாள். கேட்டுக்கொண்டே நின்றேன். ஜெயித்தவன் நான்!

அடுத்த வாரமே அங்கே வருமானம் கேட்பதற்கென்று கதவு போட்ட தனி அறை வந்துவிட்டது. ஒருத்தர் ஒருத்தராக உள்ளே போய்ச் சொன்னார்கள். இன்றைக்கு அதை ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களே யோசித்துச் செய்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த அறை என் துண்டுக்குள் இருந்து வந்தது. வாசலில் பலகை வைத்து, கடத்தூர் மாட்டுத் தரகர் கொண்டுவந்த முறை என்று எழுதியாக வேண்டும். பெயரை நானே நேரில் வந்து சொல்கிறேன், சத்தமாக.