நீலவேணியின் ஜப்பான் பெண்கள்

சனிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்தால் நீலவேணி விம்பிள்டன் வீட்டுக்கு ரயில் ஏறமாட்டாள். நேரே லண்டன் மியூசியத்துக்குப் போய், ஜப்பானிய அறையில் உட்கார்ந்து, நர்ஸ் சப்பாத்தைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

எதிரே, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பழைய படங்கள். ஒருத்தி மூன்று தந்தி வாத்தியத்தை மடியில் சாய்த்து மீட்டுகிறாள். இன்னொருத்தி தோளில் ஏந்திய சின்ன மத்தளத்தைத் தட்டுகிறாள். விசிறியை விரித்து ஆடுகிறவளின் அங்கி ஓரம் பின்னால் அலையடிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய நீலவேணி அவர்களை வார்டு நோயாளிகளைப் போல விசாரிப்பாள். “இவளுக்குக் கழுத்து வலி நிச்சயம். அவ பாவம், ஷிப்ட் முடிஞ்சவ மாதிரி இருக்கா.”

போஸ்ட்கார்டு வாங்காமல் திரும்பமாட்டாள். சமையலறைச் சுவர் நிறைய அந்தப் பெண்கள்தான்.

1989 கோடையில் மலேசியாவின் கிள்ளானிலிருந்து அண்ணன் லெட்சுமணன் வந்தார். டீ குடிக்க உட்கார்ந்தவர் சுவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அப்பாவ சயாம் ரயில் போடக் கொண்டுபோனவனுங்க படமா? உனக்கு வேற கிடைக்கலையா?”

யுத்த காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கென்று ஜப்பான்காரர்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து லாரியில் ஏற்றிப்போன ஆட்களில் அவர்களுடைய அப்பாவும் ஒருவர். திரும்பவில்லை. அப்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து.

“கொண்டுபோனவன் கையில துப்பாக்கி இருந்துச்சு அண்ணே. இவங்க கையில அது இல்லியே. அதுவும் இவங்க நூறு வருசம் முந்தினவங்க.”

“இருந்தாலும்…”

“முதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. மழைக்கு ஒதுங்கத்தான் மியூசியத்துக்குள்ள போனேன். இந்தப் படங்களப் பார்த்ததும் பொம்பளைங்க உட்கார்ந்து பாடுற சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம வீட்டுல அது நின்னு போச்சுல்ல?”

நின்றுதான் போயிற்று. ரப்பர் மரம் சீவும்போதெல்லாம் பாடிய அம்மா, லாரி போன அன்றோடு வாயை மூடிக்கொண்டவர். சாகும்வரை பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. பிள்ளைகளும் வீட்டில் பாடத் துணியவில்லை.

லெட்சுமணன் திரும்ப உட்கார்ந்தார். வெகுநேரம் சுவரையே பார்த்தார்.

“அம்மா பாடுனது உனக்கு ஞாபகம் இருக்கா?”

“முதல் அடி மட்டும். அதுக்கு மேல வரல. உங்களுக்கு வருமே?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீலவேணி ஆறிய டீயை ஓரமாக நகர்த்திவிட்டு, முதல் அடியை மெல்லப் பாடி நிறுத்தினாள். பிறகு அண்ணன் முகத்தையே பார்த்தபடி, மேசைமேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.