கழுவாத குடுவை

ஐயா, அம்மையீர்,

குடுவையை நான் கழுவவில்லை. கழுவினேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி அழிந்தது!

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். பள்ளியில் படித்தது பத்தாம் வகுப்பு வரை. மற்றவை பிறர் விட்டுச்சென்ற நூல்களில் நானே கற்றவை.

பத்மா என்னும் ஆராய்ச்சி மாணவி அங்கே கண்ணுக்கு எட்டாத நுண்துகள்களை வளர்த்தார். நடுவில் தங்கக் கரு, சுற்றிலும் வெள்ளி உறை. வழக்கமாகத் தங்கத்தை முதலில் விதையாக இட்ட பிறகே வெள்ளியைப் படியச் செய்வார்கள். விதையே வேண்டாம், இரு உப்புகளையும் ஒன்றாகக் கலந்தாலே தங்கம் முந்திக் கருவாகும், வெள்ளி பின்வந்து உறையாகும் என்பது அவர் கணிப்பு.

அன்று பௌர்ணமி. பொழுது சாய்ந்தால் கிரிவலக் கூட்டத்தால், நான் வீடு திரும்பும் கீழ்பென்னாத்தூர் பேருந்து ஊருக்குள் வராது. வேறு யாரோ தங்க விதை தயாரித்த குடுவையை, தங்கத்தையும் கரைக்கும் அமிலத்தால் கழுவுவது என் கடமை. நானோ தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். அதன் கழுத்தில் மெல்லிய சிவப்பு வளையம் இருந்தது... பார்த்தேன்!

மறுநாள் அதே குடுவையில் பத்மாவின் துகள்கள் வளர்ந்தன. நுண்ணோக்கிப் படத்தில் கருவும் உறையும் தெளிவாகத் தெரிந்தன. "உங்க கை ராசிண்ணா. இனிமே எல்லா ஃபிளாஸ்க்கையும் நீங்கதான் கழுவணும்" என்று சிரித்தார். இருட்டுமுன் உண்டுவிடும் சமண வீட்டுப் பெண். அன்று தம் டிபனில் பாதியை எனக்குத் தந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன்பின் ஒவ்வொரு குடுவையையும் அமிலத்தாலேயே கழுவினேன். அதன்பின் ஒருமுறைகூட அந்தக் கருவும் உறையும் வரவில்லை! தூய குடுவையில் இரு உலோகங்களும் பிரியாமல் கலந்தே நின்றன. வெள்ளி புதிதாகத் தொடங்குவதைவிட, இருப்பதன்மேல் படிவதையே நாடும். அன்று அது படிந்தது, நான் விட்டுவைத்த சிவப்பு வளையத்தின் தங்கத்தின்மேல்...

அந்த முடிவு மீண்டும் வராததால், படம் வேறெங்கோ எடுத்ததோ என்று ஐயுற்றுப் பேராசிரியர் எல்லார் முன்னும் அவரைக் கேட்டார்: "அந்தப் படம் யாரோடதும்மா?"

பத்மா நேரே என்னிடம் வந்தார். "அண்ணா, அன்னிக்கு அந்த ஃபிளாஸ்க்க ஆசிட் ஊத்திதான கழுவுனீங்க?"

"ஊத்திதாம்மா கழுவுனேன்."

என்னை நம்பினார், தம்மையே சந்தேகித்தார். அந்த வாரமே படிப்பை விட்டுப் போனார். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

ஏன் சொன்னேன்? வேலைக்கு அஞ்சியா? பல்லாண்டு அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை... மனைவி போனபின் என் கையை மெச்சியவர் அவர் ஒருவரே. அந்தப் பேரை இழக்க மனம் வரவில்லை!

இன்று செங்கம் சாலையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். பௌர்ணமிதோறும் கூட்டம் என் வாசலைக் கடந்து மலையை வலம் வருகிறது. நான் சன்னலைச் சாத்திக்கொண்டு, நான் ஒருவனே குடித்த தம்ளரை மூன்று முறை கழுவுகிறேன்.

பத்மாவின் கணிப்பு தவறு. ஆனால் படம் பொய்யன்று, அது அவருடையதே. சொல்லவேண்டிய நாளில் இதை நான் சொல்லவில்லை. இந்தத் தாளைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள்.