போலீஸ் புடிச்சுட்டுப் போயிருமாம்

என் மகன் டேகேருக்குள் அழாமல் போக மூன்று வாரமாகப் பாடுபடுகிறேன். "தூங்கி எந்திரிச்சதும் அம்மா வந்துருவேன்" என்று தினமும் ஒரே பேச்சு, அவன் சட்டைப் பையில் என் கைக்குட்டை.

இன்று விசும்பல் அடங்கி என் கையை விடப்போன நேரத்தில், வாசலில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா வாயைத் திறந்தார்.

"அழுதேன்னா போலீசு புடிச்சுட்டுப் போயிரும்டா!"

என் மகன் என் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். "புடிச்சுட்டுப் போம்மா! இப்பவே புடிச்சுட்டுப் போ!"

அந்த ஆள் முழித்தார். என் யூனிஃபார்ம் பேக்கில் இருந்தது.

"அந்தப் போலீசு நான்தாண்ணே. எம்புட்டு நாள் பாடு, ஒரே வார்த்தையில கெடுத்துட்டீங்களே!"

அவர் வண்டியைக் கிளப்பினார். ஸ்டேஷனுக்கு நான் அரை மணி நேரம் லேட்.

எங்களைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள். நானாகக் கண்டுபிடித்தால் மரியாதை இருக்காது.