செல்வியக்கா வளர்த்த புங்கமரம்

எங்கள் ரெட்டியார்பாளையம் தெருவில் வெயிலைப் பற்றிப் பேச ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. அவர் இஸ்திரி போடும் செந்தமிழ்ச்செல்வி அக்கா. கரி கனலும் பெட்டியோடு நாளெல்லாம் நிற்கிறவர். மற்றவர்கள் ஏசியில் உட்கார்ந்து புலம்புகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

தன் தள்ளுவண்டிக்கு நிழல் வேண்டுமென்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு புங்கங்கன்றை நட்டார். இரண்டு வருஷம் குடம் குடமாக ஊற்றியவர், மூன்றாம் வருஷம் நிறுத்திவிட்டார். நான் கோபித்துக்கொண்டேன்.

"மேலயே தண்ணி கெடச்சா வேரு எதுக்கு சார் கீழ போவும்? அதுவே தேடிக்கட்டும்."

மழை பொய்த்த வருஷம், நான் தினமும் ட்யூப் போட்டு நனைத்த அலங்கார மரம் கருகியது. புங்கமோ சித்திரையில் பளபளவென்று தளிர்த்தது. எனக்கு வயிறெரிந்தது, சொல்வதற்கென்ன.

போன மே மாதம் வாய்க்கால் கட்ட வந்தவர்கள், வெட்டுவதற்கு அடையாளமாகப் புங்கமரத்தில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். மரம் போனால் அக்காவின் பிழைப்பும் போச்சு. நான் அவசரமாக மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தேன். சாமி மரத்தில் யார் கை வைப்பார்கள்?

அக்கா வந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்தார். "சாமியாக்கிட்டா நாளைக்கு மேடை கட்டுவீங்க. அப்புறம் செருப்போட நிக்காத, வண்டிய எடும்பீங்க. நான் எங்க போறது?"

நான் மஞ்சள் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினேன்.

மதியம் இன்ஜினியர் விஜயராகவன் வந்தார். பைக்கை நேராகப் புங்க நிழலில் நிறுத்தினார்.

"வெட்டப்போற மரந்தானே சார். வண்டிய அந்தாண்ட வெயில்ல போடுங்க," என்றார் அக்கா. குரலில் கெஞ்சல் துளியும் இல்லை.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே பைக்கை நகர்த்தினார். அரை மணி நேரம் மரத்தடியிலேயே நின்று அளந்துவிட்டு, போய் சீட்டில் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி டேப்பை எடுத்தார்.

"ரெண்டடி வளைச்சிக்கலாம்மா," என்றார்.

இன்று எங்கள் வாய்க்கால் அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிறது. மதியமானால் தெருவிலுள்ள பைக்கெல்லாம் அங்கேதான். அக்கா அதட்டி அதட்டித் தன் வண்டிக்கு இடம் பிடிக்கிறார். எனக்கு அவரை நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

சிவப்புக் குறி இன்னும் பட்டையில் இருக்கிறது. சுரண்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார். ஜெயிச்ச மரம்னு தெரியட்டும்."