பங்கருக்குள் ஓர் இடம்

எனக்கு இருக்கும் வருத்தம், அதாவது நோய், தொய்வு. ஆஸ்துமா என்று சொன்னால் கொஞ்சம் படித்த வருத்தம் மாதிரித் தெரியும்; எங்கள் சண்டிலிப்பாயில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை, இரவில் ஜாம் போத்தல் விளக்கின் புகை என்று என் நெஞ்சுக்கு ஓய்வே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இருமலைக் கேட்டார்கள், தேத்தண்ணீரைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். நான் அண்ணை வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

வீட்டு வளவில் மாமரத்தடியில் அண்ணை பதுங்குகுழியாக ஒரு பங்கர் வெட்டியிருந்தார். குண்டு போடவரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் அண்ணை, அவர் மனைவியான மச்சாள், மூன்று பிள்ளைகள் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். முதல் தடவை நானும் இறங்கினேன். ஈரமண் வாசம் மூக்கில் ஏறியதும் மூச்சு அடைத்துவிட்டது. குண்டுக்குத் தப்பித் தொய்வுக்குச் சாகப் பார்த்தேன். அதன்பிறகு மேலே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கீழே மச்சாள் தேவாரம் சொல்வதும், பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரிப்பதும் கேட்கும். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. செத்தாலும் இவர்கள் ஒன்றாகச் சாவார்கள் என்று பொறாமையாக இருக்கும்.

அப்போதுதான் மானிப்பாயில் ஒரு லேடி டொக்டர் கடுமையான தொய்வுக்காரர்களை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார். வாயில் வைத்து இழுக்கும் புது மருந்து. ஊதவைத்து மூச்சை அளந்தால் மட்டும் போதாதாம். சீவியம் எப்படிப் போகிறது என்றும் அளக்கவேண்டுமாம். கேள்விகள் எங்கோ வெளிநாட்டில் எழுதப்பட்டவை.

“கம்பளம் தட்டேக்கை மூச்சு முட்டுதோ?”

“எங்கடை வீட்டிலை பாய்தான் இருக்கு, டொக்டர்.”

அவர் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். “வருத்தத்தாலை செய்ய ஏலாமல் போன முக்கியமான ஒண்டை நீங்களே சொல்லுங்கோ.”

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. “பங்கருக்குள்ளை இருக்க ஏலாது,” என்றேன்.

அவர் பேனை கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது. “வருத்தத்தாலை மற்ற ஆக்களிட்டை இருந்து தனிச்சுப்போனன் எண்டு நினைக்கிறியளோ?”

“ஓம். எப்பவும்.”

மருந்து வேலை செய்தது. கிணற்றடியிலிருந்து நிறைகுடத்தோடு நிற்காமல் நடந்து வந்தேன். இதற்கிடையில் மாரி மழையில் பங்கர் இடிந்து, அண்ணை புதிதாக ஒன்று வெட்டியிருந்தார். அடுத்த முறை பொம்மர் வந்தபோது கதிரையைத் தாண்டி ஓடிப் படியிறங்கினேன். அதே ஈரமண் வாசம். மூச்சு நிற்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

பிறகுதான் பார்த்தேன். சுவரோரமாக மண்ணிலேயே இருக்கைகள் செதுக்கியிருந்தார் அண்ணை. ஐந்து பேருக்கு. நான் நடுவில் கூனிக்கொண்டு நின்றேன்.

“மாமி, நீங்கள் மேலைதானே இருக்கிறனீங்கள்?” என்றாள் கடைக்குட்டி.

மச்சாள் அவள் வாயைப் பொத்திவிட்டு எனக்காக ஒதுங்கப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை. அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சண்டைக்கு நான் பின்நிற்பவள் இல்லை. வந்தது அழுகை. மழை விட்டும் தூவானம் விடாத கதையாகிப் போனது.

அடுத்த தடவை சத்தம் கேட்டபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அண்ணை படியில் நின்று, “தங்கச்சி, வாவன்,” என்று கூப்பிட்டார்.

“முட்டுது அண்ணை,” என்றேன். முட்டவில்லை.

அந்த மாதக் கடைசியில் மானிப்பாய்க்குப் போய் ஊதினேன். மூச்சை அளக்கும் கருவியின் முள் நன்றாக ஏறி நின்றது. டொக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழைய கேள்விகளை மறுபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

“இப்ப, வருத்தத்தாலை மற்ற ஆக்களிட்டை இருந்து தனிச்சுப்போனன் எண்டு நினைக்கிறியளோ?”

நல்ல மனுஷி. அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லை, டொக்டர்,” என்றேன். “வருத்தத்தாலை இல்லை.”

அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.