மலர்க்கொடியின் பாப்கார்ன் வியாபாரம்

மலர்க்கொடி எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமான மூன்றாம் மாதம் கணவன் பகலவன் சிங்கப்பூர் போய்விட்டான். அதிலிருந்து இரண்டு வருடமாக அவள் வாசலைத் தனியாகத் தாண்டியதில்லை. பல் டாக்டர், தையல்கடை, ஆதார் திருத்தம் எல்லாவற்றுக்கும் மாமியார் அம்சம் கூடவே போவார்.

அம்சத்தைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மீன் குழம்பில் நடுத்துண்டு மருமகளுக்குத்தான். ஆனால் தனியாகப் போகிறேன் என்று அவள் வாயெடுத்தால் போதும், "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ளைக்கு நான் என்னம்மா பதில் சொல்லுவேன்?" என்று கண் கலங்கிவிடுவார். கொடுமைக்கார மாமியார் என்றால் சண்டையாவது போடலாம். இவரை என்ன செய்வது? எனக்கே எரிச்சலாக வரும்.

பொழுது போகாமல் பாப்கார்ன் பொரிக்க ஆரம்பித்தாள் மலர். நிழலில் உலர்த்திய கறிவேப்பிலையையும் வறுத்த பூண்டையும் மாவாக அரைத்து, பொரி சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்குவாள். இன்னொரு வகைக்கு வெல்லப்பாகும் சுக்கும். அவளைப் பார்க்கப் போனபோது இரண்டு டப்பா தூக்கி வந்தேன். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் விடுதியின் கேண்டீன் என் பொறுப்பில் இருக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்ததுதான் தெரியும், பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

"வாரா வாரம் திங்கக்கிழமை நூறு பாக்கெட் கொண்டுவாடி" என்று போன் போட்டேன்.

மலர் அழுதேவிட்டாள். "பஸ்ல நான் மட்டும் வருவேன்டி. ஜன்னல் ஓரமா, பேசாம, முக்கால் மணி நேரம். அது போதும் எனக்கு. பாப்கார்ன் கெடக்குது!"

ஒரு வாரம் யோசித்து மாமனார் அண்ணாதுரை சம்மதித்தார். காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அம்சமும் அரைமனதாகத் தலையாட்டினார்.

பத்துக் கிலோ பாப்கார்ன் சோளம் வாங்கி வைத்துவிட்டு, தங்கையின் வளைகாப்புக்காக அம்மா வீட்டுக்குப் போனாள். மாமனாரே கொண்டுபோய் விட்டார், நாலாம் நாள் அவரே கூட்டிவந்தார். அந்த நாலு நாளும் பங்குனி வெயில் கொளுத்தியது. நெல்லோ உளுந்தோ, எந்தத் தானியம் வந்தாலும் வெயில் காட்டாமல் அம்சம் எடுத்து வைத்ததே கிடையாது. மருமகளின் முதல் வியாபாரம் வேறு, வண்டு விழுந்துவிடக் கூடாதே! பத்துக் கிலோவையும் மொட்டை மாடியில் பரப்பி, மூன்று நாள் கிளறிக் கிளறிக் காயவைத்திருக்கிறார்.

ஞாயிறு சாயங்காலம் மலர் அடுப்பைப் பற்றவைத்தாள். பாதி சோளம் பொரியவே இல்லை. பொரிந்ததும் சிறுத்துப்போயிருந்தது. மணிக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது ஆவியாகி வெடிக்கும். அந்த ஈரம் மாடியிலேயே போய்விட்டது.

ராத்திரியே மலர் போனில் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஸ்கூட்டியில் அவள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். பொரியாத சோளத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்சம் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் மலர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நியாயமாக யார் யாரைத் தேற்ற வேண்டும்!

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், செந்தாமர."

"அழாதீங்கம்மா. அடுத்த திங்கக்கிழமை கொடுக்கட்டும். ஆர்டர் எங்கயும் போயிடாது" என்றேன். மலரின் முகத்தில் உயிர் வந்தது.

அம்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே இவள ஒத்தையில விடமாட்டேன். பொரிக்கிறப்பவும் கூட நிப்பேன், தஞ்சாவூருக்கும் நானே பையத் தூக்கிட்டு வருவேன். செஞ்ச தப்புக்கு இதையாவது செய்யணும்ல?"

மலர் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிங்க அத்தை" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் வந்து இறங்கினார்கள். "எம்மருமக செஞ்சதும்மா, சாப்பிட்டுப் பாருங்க" என்று அம்சம் ஒவ்வொரு பிள்ளையிடமும் நீட்டினார். ஒரு மணி நேரத்தில் நூறும் காலி. எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கை கழுவும் இடத்தில் மலர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

"பாப்கார்ன் நல்லா இல்லன்னு சொல்லிடுடி. அடுத்த வாரத்துலேருந்து வேணாம்னு சொல்லிடு."

"மலரு, எங்கம்மா இருக்க?" உள்ளிருந்து அம்சம் கூப்பிட்டார்.

"இங்கதான் அத்தை."