மகாசங்கமத்தில் இரண்டு அம்மாக்கள்

"ஷீபாக்கா, இந்தப் பொண்ணுக்கு அம்மா யாரு?"

டைரக்டர் கோகுல் இப்படிக் கேட்டபோது ஆரல்வாய்மொழியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்றாலைகளுக்கு நடுவே டிவி தொடருக்காக நாங்கள் போட்டிருந்த செட்டின் தகரக் கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. யூனிட் முழுவதும் என் முகத்தையே பார்த்தது. நான் அந்தத் தொடரின் கன்டின்யூட்டி. ஒரு ஷாட்டில் வலது கையில் இருந்த வாட்ச் அடுத்த ஷாட்டில் இடது கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாவே மாறிப்போனால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

1. தாய் சீரியலும் பிள்ளை சீரியலும்

கேப்டன் ஆதிரன் என்பவர் விண்கலத்தில் கோள் கோளாகச் சுற்றும் கதை ஒன்று டிவியில் நன்றாக ஓடியது. அது ஓடிய தைரியத்தில் சேனல் அதிலிருந்து இன்னொரு தொடரைப் பிரித்து ஆரம்பித்தது. ஆதிரன் பூமியில் விட்டுவிட்டுப் போன மகள் நிலா, காற்றாலை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அப்பாவின் சிக்னலுக்காகக் காத்திருக்கிறாள். இதுதான் கதை. முதல் தொடரைத் தாய் சீரியல் என்றும் எங்களுடையதைப் பிள்ளை சீரியல் என்றும் யூனிட்டில் சொல்வோம். அதைப் படம் பிடித்தது சென்னையில், இதைப் பிடித்தது எங்கள் ஊர்ப்பக்கம். கதை எழுதுகிறவர்களும் வேறு வேறு ஆட்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நிலாவாக நடித்த திவ்யா கோயம்புத்தூர்ப் பெண். நிலாவின் அம்மா கமலாவாக நடித்தவர் ராஜம் அக்கா. திருவட்டாறு பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் வேலை செய்தவர். கூட்டத்தில் ஒருவராக நிற்க வந்தவரின் குரலைக் கேட்டுவிட்டு கோகுல் அவரை அம்மாவாக்கினார். ஆலை வேலையை விட்டுவிட்டுத்தான் நடிக்க வந்தார். திவ்யாவுக்குத் தலைவலி வந்தால் கேரவனில் படுக்க மாட்டாள், ராஜம் அக்கா மடியில்தான் படுப்பாள். கேமரா ஓடாத நேரத்திலும் எங்கள் ஊர்ப் பெண்ணைப் போல "அம்மை" என்றுதான் கூப்பிடுவாள்.

2. விருந்தாளிகள்

எங்கள் தொடரை ஆட்கள் அதிகம் பார்க்கவில்லை. உடனே சேனல் இரண்டு தொடர்களையும் சேர்த்து மகாசங்கமம் அறிவித்தது. தாய் சீரியலின் கேப்டன் ஆதிரனும் டாக்டர் மித்ராவும் பூமிக்கு வந்து நிலாவைச் சந்திப்பார்கள். அவர்களுடைய காஸ்ட்யூம் படங்கள் எனக்கு வந்தன. வெள்ளி ஜாக்கெட், தோள் பட்டை, ஷூ எல்லாம் சரிபார்த்தேன். டயலாக் பேப்பரில் மித்ராவின் பெயருக்கு நேரே "டாக்டர்" என்று மட்டும் இருந்தது.

ரிகர்சலில் மித்ராவாக நடிக்கும் வசுந்தரா மேடம் கண் கலங்கக் கையை நீட்டி, "நிலா... அம்மா வந்துட்டேன்டா" என்றார்.

கோகுல் ரிகர்சலை நிறுத்தினார். "மேடம், நீங்க டாக்டர்தானே?"

"டாக்டர்தான். நிலாவோட அம்மாவும் நான்தான். எங்க சீரியல்ல போன மாசமே சொல்லியாச்சே. பெத்த பொண்ணைத் தேடித்தானே நான் பூமிக்கே வர்றேன்?"

காபி டம்ளரோடு ஓரமாக நின்ற ராஜம் அக்கா, "பின்ன நான் ஆரு?" என்று கேட்டார்.

அப்போதுதான் கோகுல் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சென்னைக்குப் போன் போட்டோம். தாய் சீரியலின் எழுத்தாளர், "பேரலல் யூனிவர்ஸ்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதை ராஜம் அக்காவுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அக்கா, ரெண்டு உலகம் இருக்கு. நீங்க இந்த உலகத்து அம்மை. அவங்க அந்த உலகத்து அம்மை."

"செரி. நிலா?"

"அவ ரெண்டு உலகத்துலயும் உண்டு."

"கேப்டனு?"

"அவரும் ரெண்டுலயும்."

"அப்போ அந்த மனுசனுக்கு ரெண்டு பெண்டாட்டியா பிள்ளே?"

கேப்டனாக நடித்தவரைப் பார்த்தேன். "எனக்கும் அதாம்மா புரியலை" என்றார் அவர்.

3. சிரித்த முகம்

அதற்குள் சேனலிலிருந்து இன்னொரு போன். இரண்டு அம்மா இருந்தால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். கமலா வளர்த்த அம்மா, இறந்துவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்று போதும்.

ஆர்ட் அசிஸ்டென்ட் பையன் போட்டோ எடுக்கப் போனான். விளம்பரத்துக்கு என்று நினைத்து ராஜம் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தார். "கொள்ளாமா, நல்லா இருக்கா? இன்னொண்ணு எடுக்கியளா?" என்று கேட்டார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அது மாலை போடுவதற்கான படம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினார். பிறகு, "நான் எதுல செத்தேன்?" என்றார்.

"இன்னும் எழுதலக்கா."

"நேத்தைக்கு சீன்ல அவளுக்குச் சோறு போட்டேனே. ஒரு இருமல்கூட இருமலியே ஷீபா. நல்லாத்தானே இருந்தேன்?"

அவர் கேரவன் படியில் போய் உட்கார்ந்தார். ஆலையில் திரும்ப எடுப்பார்களா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். திவ்யா மேக்கப்பை முடித்துக்கொண்டு வந்தபோது சுவரில் ராஜம் அக்காவின் போட்டோவில் மாலை தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

4. டேக்

காட்சி எளிதானது. நிலையக் கதவு திறக்கும். கேப்டனும் மித்ராவும் வருவார்கள். நிலா "அம்மா" என்று ஓடிப்போய் மித்ராவைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கோகுல் ஆக்‌ஷன் சொன்னார். திவ்யா ஓடினாள். மித்ராவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். ப்ராம்ப்ட் செய்கிறவர் "அம்மா, அம்மா" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் வசுந்தரா மேடத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எனக்க அம்மை எங்க?"

பேப்பரில் அப்படி ஒரு வரி இல்லை. கட் சொல்லப் போன கோகுலின் வாய் திறந்தபடியே நின்றது. வசுந்தரா மேடம் ஒரு கணம் தடுமாறினார். கண் இங்குமங்கும் போனது. பிறகு திவ்யாவின் கன்னத்தைத் தொட்டு, "உள்ளதான் இருப்பாங்க. உன்னை வளர்த்தவங்களை நானும் பார்க்கணும். கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

திவ்யா விறுவிறுவென்று செட்டை விட்டு வெளியே போய், படியில் இருந்த ராஜம் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. உண்மையில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் ராஜம் அக்கா வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேப்டன் இருவருக்கும் நடுவில் திருதிருவென்று முழித்தார். ராஜம் அக்கா மேடத்தின் வெள்ளி ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரத்துல இருந்து வாறியளோ? இரியுங்க" என்றார். வசுந்தரா மேடம் அழுதுவிட்டார். அது நடிப்பா என்று நான் கேட்கவில்லை.

கட்டான பிறகு கேப்டன் கேட்டார்: "டைரக்டர், நான் என்ன ரியாக்‌ஷன் கொடுக்கணும்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?"

"இப்ப கொடுத்ததையே கொடுங்க சார்."

நான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மாலையைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை.

ஃபுட்டேஜை சேனலுக்கு அனுப்பினோம். வெகுநேரம் கழித்து மெசேஜ் வந்தது: "புரியலை. ஆனா நல்லா இருக்கு. அப்படியே போடுங்க." பார்த்தவர்களுக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். வடசேரிச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட, "அந்தப் பிள்ளைக்க உண்மையான அம்மை ஆரு?" என்று என்னைக் கேட்டார்கள். பிள்ளை சீரியல் முடியும்வரை கமலா உயிரோடு இருந்தாள். ராஜம் அக்கா இப்போது வேறு ஒரு தொடரிலும் அம்மாவாக நடிக்கிறார்.

பேரலல் யூனிவர்ஸ் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். வேறு தொடரிலிருந்து ஒரு கதாபாத்திரம் விருந்துக்கு வந்தால், உடையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உறவுமுறையைக் கேளுங்கள். அவர் இங்கே யாருக்கு யார்? அவருக்காக எழுந்து இடம் விட வேண்டியவர் யார்? கோளை மாற்றலாம், காலத்தை மாற்றலாம், செத்தவரைப் பிழைக்கவும் வைக்கலாம். ஆனால் யாருக்கு யார் அம்மா என்பதை மாற்றுவதற்கு முன், அந்தப் பிள்ளையாக நடிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.